சொல்வது ஒன்று, செய்வது ஒன்று: உல்லாசப் பயணிகளைப் பற்றித் திருமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமலை என்று நாங்கள் சொல்லும் இலங்கைத் திருகோணமலையின் உப்புவெளியில் ஆறு அறை உள்ள விருந்தினர் விடுதி ஒன்றை நடத்துகிறேன். சீசன் தொடங்கினால் வாசலுக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். தங்க வருகிறவர்கள் ஒரு வகை. தங்க வருகிறவர்களைப் பற்றி ஆராய வருகிற மாணவர்கள் இன்னொரு வகை. கையில் வினாக்கொத்துக் கட்டு, முகம் முழுக்க வியர்வை. அவர்களுக்கு உதவப்போய் நானும் ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கப் பழகிவிட்டேன். பக்கத்து விடுதிக்காரர்கள், வள்ளக்காரர்கள், மாணவர்கள் என்று பலர் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வருகிறார்கள், கடலில் குளிக்கிறார்கள், போகிறார்கள். இதில் ஆராய என்ன இருக்கிறது?

இது என் மைத்துனர் கேட்டது. ஏன் இந்த ஊருக்கு வந்தார், எத்தனை இரவு நின்றார், எதற்கு யோசிக்காமல் காசு கொடுத்தார், எதற்குப் பேரம் பேசினார், எதைக் குப்பையில் போட்டார், வீட்டுக்குப் போய் என்ன சொன்னார் என்று ஆராய நிறைய இருக்கிறது.

1979இல் க்ரொம்ப்டன் என்ற ஆய்வாளர் ஒரு கட்டுரையில், பயணத்துக்குத் தள்ளும் காரணங்களும் உண்டு, இழுக்கும் காரணங்களும் உண்டு என்று பிரித்துக் காட்டினார். நிலாவெளிக் கடல் இழுக்கிறது. கொழும்பு அலுவலகம் தள்ளுகிறது. நாங்கள் விளம்பரத்தில் போடுவதெல்லாம் இழுப்பதை மட்டும்தான்: கடல், திமிங்கிலம், கோணேஸ்வரம். ஒரு வருடம் ஒரு பெண் மூன்று நாள் தங்கினார். ஒருமுறைகூடக் கடலில் கால் நனைக்கவில்லை. விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் படுத்து நித்திரை கொண்டார், எழும்பித் தேநீர் குடித்தார், திரும்பப் படுத்தார். நான் விடாமல் திமிங்கிலம் பார்க்கப் போகிற வள்ளத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது, அவரைக் கூட்டி வந்தது கடல் இல்லை, களைப்பு என்று. அவருக்கு விற்கவேண்டியது அமைதியை. அதற்கு ஒரு சதச் செலவும் இல்லை, காலையில் முற்றத்தில் ரேடியோ போடாமல் இருந்தால் போதும்.

வினாக்கொத்து கொடுத்துக் கேட்டால் தெரிந்துவிடாதா?

பாதி தெரியும். அந்தப் பாதி எது என்பதுதான் சிக்கல்.

இதற்கு நான் எப்போதும் சொல்கிற கதை 1934இல் அமெரிக்காவில் வெளியானது. லாப்பியர் என்ற சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியோடு அந்த நாட்டைச் சுற்றினார். சீனர்மேல் வெறுப்பு பகிரங்கமாக இருந்த காலம். ஹோட்டல், சாப்பாட்டுக் கடை என்று 251 இடங்களுக்குப் போனார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் இடமில்லை என்றார்கள். பிறகு அதே இடங்களுக்கு, “சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா?” என்று கடிதம் எழுதினார். பதில் போட்டவர்களில் 90 வீதத்துக்கு மேல் “மாட்டோம்” என்றார்கள். கடிதத்தில் மறுத்தவர்கள், நேரில் உடுப்பும் சிரிப்பும் பார்த்து அறை கொடுத்தவர்கள்தான். அந்த ஆய்வின் முறையில் குறை சொல்ல இடமுண்டு. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் அன்று வாசலில் நின்றவரும் ஒரே ஆளா என்பதுகூடத் தெரியாது. ஆனாலும் வினாக்கொத்தை மட்டும் நம்பி ஒரு முடிவுக்கு வருகிற யாரும் முதலில் தாண்டவேண்டிய வேலி அது.

இப்போது இது மறுபக்கமாக நடக்கிறது. சுற்றுச்சூழலை மதிக்கிற விடுதியில்தான் தங்குவேன், அதற்குக் கூடுதலாகவும் கொடுப்பேன் என்று வினாக்கொத்தில் எழுதுவார்கள். அதே ஆள் என் முன்னால் நின்று ஏசி அறைக்கும் விசிறி அறைக்கும் விலை கேட்டுவிட்டு ஏசி அறையை எடுப்பார், போட்டுவிட்டு ஜன்னலையும் திறந்து வைப்பார். பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். எழுதும்போது அவர் நல்ல மனிதராக இருக்க ஆசைப்படுகிறார்; அறைக்குள் வியர்க்கிறது.

“துவாயைத் திரும்பப் பாவியுங்கள்” என்று அட்டை வைத்தால் பலன் உண்டா?

என்ன எழுதுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. 2008இல் கோல்ட்ஸ்டைன், சியால்டினி, க்ரிஸ்கெவிசியஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒரு ஹோட்டலில் அட்டையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். “சுற்றுச்சூழலைக் காக்க உதவுங்கள்” என்ற வழக்கமான அட்டைக்கு 35 வீதம் பேர் துவாயைத் திரும்பப் பாவித்தார்கள். “எங்கள் விருந்தினரில் பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள்” என்றதும் 44 வீதம். “இதே அறையில் தங்கியவர்களில் பெரும்பாலானோர்” என்றதும் 49 வீதம். ஊரோடு ஒத்து வாழ் என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள்; அங்கே அறையோடு ஒத்து வாழ்கிறார்கள்.

இதைப் படித்த உடனே நானும் அட்டை அடிக்கக் கொடுக்கப்போனேன். நல்லவேளை, அதற்கு முன்னால் ஜெர்மனியில் செய்த மறு ஆய்வு கண்ணில் பட்டது. 2014இல் வெளியானது. அங்கே “பெரும்பாலானோர் செய்கிறார்கள்” என்ற வாசகம் வழக்கமான வாசகத்தைவிடக் கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. ஒரு நாட்டில் வேலை செய்தது இன்னொரு நாட்டில் வேலை செய்யும் என்று எழுதி ஒட்டியிருக்கவில்லை.

என் விடுதியில் பலன் தந்தது அட்டையே இல்லை, குளியலறைக் கதவுக்குப் பின்னால் அடித்த மூன்று கொக்கி. அதுவரைக்கும் ஈரத் துவாயைப் போட இடமில்லாமல்தான் நிலத்தில் போட்டிருக்கிறார்கள். நான் அதைக் கழுவச் சொல்லும் அடையாளம் என்று எடுத்து, வருடக்கணக்காகச் சவர்க்காரத்துக்குக் காசு கரைத்தேன்.

மான்களுக்குப் பொலித்தீன், புறாமலைத் தீவில் பவளப்பாறைமேல் கால். அறிவித்தல் பலகை போட்டும் ஏன் நிற்கவில்லை?

பலகையே சில நேரம் காலை வாரும். அமெரிக்காவில் அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் துண்டு துண்டாகப் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சியால்டினி குழுவினர் நடைபாதைகளில் அடையாளம் இட்ட துண்டுகளைப் போட்டு, இரண்டு மாதிரிப் பலகை வைத்தார்கள். “முன்பு வந்த பலர் எடுத்துப் போனதால் பூங்கா மாறிவிட்டது” என்ற பலகை இருந்த இடத்தில் ஏறத்தாழ 8 வீதத் துண்டுகள் களவு போயின. “தயவுசெய்து எடுக்காதீர்கள்” என்று மட்டும் சொன்ன இடத்தில் 2 வீதத்துக்கும் குறைவு. எல்லாரும் எடுக்கிறார்கள் என்று புலம்பினால், அட, எல்லாரும் எடுக்கிறார்களா, நானும் ஒன்று எடுத்தால் என்ன என்று கேட்கும் புத்தி மனிதருக்கு.

இப்போது எங்கள் ஊரைப் பாருங்கள். பிரட்ரிக் கோட்டைக்குள் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் புள்ளிமான்கள் நிற்கும். ஒரு குடும்பம் வாழைப்பழம் நீட்டினால் பின்னால் வருகிற குடும்பமும் நீட்டும். பழம் வந்த பை அங்கேயே விழும், மான் அதையும் சேர்த்து மெல்லும். பலகையைவிட முன்னால் போகிற ஆளின் கை பெரிதாகப் பேசுகிறது. அதனால்தான் அங்கே கடலை, பழம் விற்கிறவர்களைச் சேர்த்துக்கொள்ளாமல் எந்தத் திட்டமும் நிற்காது என்று நினைக்கிறேன். முதல் ஆள் பழத்தை வாங்குவது அவர்களிடம்தான்.

புறாமலை 2003இல் தேசியப் பூங்கா ஆனது. நிலாவெளியிலிருந்து வள்ளத்தில் சில நிமிடம். நீந்தத் தெரியாதவர் முகமூடியைப் போட்டுக்கொண்டு இறங்கி, தண்ணீர் மூக்குக்குள் போனதும் பதறி எழும்பி நிற்பார். நிற்கிற இடம் பவளப்பாறை. இது அறியாமையும் இல்லை, அலட்சியமும் இல்லை, பயம். பயத்துக்குப் பலகை வைத்து என்ன செய்ய? கரையிலேயே மிதவை உடுப்பை மாட்டி, மணல் அடியில் இருக்கிற பக்கத்தில் ஐந்து நிமிடம் மிதக்கப் பழக்கிவிடுகிற ஒரு வள்ளக்காரத் தம்பியை எனக்குத் தெரியும். அவருடைய ஆட்கள் பாறையில் நின்று நான் பார்த்ததில்லை.

பஃபே வைத்தால் சாப்பாடு வீணாகிறது. என்ன வழி?

சின்னக் கோப்பை வையுங்கள். நோர்வேயில் ஹோட்டல்களில் செய்த ஓர் ஆய்வு 2013இல் வந்தது. கோப்பையின் அளவைக் குறைத்த ஹோட்டல்களிலும், “பல தடவை வந்து எடுத்துக்கொள்ளலாம்” என்று பலகை வைத்த ஹோட்டல்களிலும் வீணான உணவு சுமார் 20 வீதம் குறைந்தது. விருந்தினர் திருப்தி குறையவில்லை.

பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இன்னொன்று. ஸ்லொவேனியாவில் டோல்னிசார் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஒரு குடும்ப ஹோட்டலில் பிள்ளைகளுக்குச் சின்னக் கொப்பி கொடுத்தார்கள். மேசையில் மிச்சம் வைக்காத நாளுக்கு ஒரு முத்திரை, கொப்பி நிறைந்தால் ஒரு பரிசு. கோப்பையில் மிஞ்சியது 34 வீதம் குறைந்தது. பிள்ளை கேட்டால் தகப்பன் சாப்பிட்டுத்தானே ஆகவேண்டும்.

சின்னக் கோப்பையை நானும் வைத்துப் பார்த்தேன். வெளிநாட்டவரிடம் பலித்தது. எங்கள் ஆட்களிடம் பலிக்கவில்லை. மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு பெரியம்மா கோப்பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது பிள்ளைகளின்ட கோப்பையோ?” என்று கேட்டார். குசினியில் என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. எங்களிடம் சின்னக் கோப்பைக்குக் கஞ்சத்தனம் என்று பெயர். அதனால் இப்போது சோறு பெரிய கோப்பையில், கறிகளைப் போடும் அகப்பைகள் மட்டும் சின்னது. யாரும் கவனிக்கவில்லை.

கூடாத ரிவியூவுக்குப் பதில் எழுதவேண்டுமா?

எழுதவேண்டும். ப்ரொசெர்பியோ, ஸெர்வாஸ் இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ரிவியூக்களுக்குப் பதில் எழுதத் தொடங்கிய ஹோட்டல்களுக்கு 12 வீதம் கூடுதலான ரிவியூக்கள் கிடைத்தன, சராசரி நட்சத்திரமும் 0.12 ஏறியது. முதலாளி வாசிக்கிறார் என்று தெரிந்ததும், அற்பக் காரணத்துக்குத் திட்டி ஒரு வரி கிறுக்குகிற ஆட்கள் ஒதுங்கிவிடுகிறார்கள் என்பது அவர்கள் தரும் விளக்கம். அதன் மறுபக்கம்: எழுதுகிற கூடாத ரிவியூக்கள் எண்ணிக்கையில் குறைந்தாலும் நீளத்தில் கூடின. பதில் வரும் என்றால் ஆதாரத்தோடு எழுதுகிறார்கள்.

நட்சத்திரத்துக்குக் காசுப் பெறுமதி உண்டா என்றால், சியாட்டில் நகரத்து உணவகங்களை வைத்து லூக்கா என்ற ஆய்வாளர் செய்த ஆய்வில் ஒரு நட்சத்திரம் ஏறினால் வருமானம் 5 முதல் 9 வீதம் ஏறியது. தனி முதலாளிகளின் கடைகளுக்குத்தான் அந்தப் பலன், பெயர்பெற்ற சங்கிலிக் கடைகளுக்கு இல்லை. எங்களைப் போன்றவர்கள் கவனிக்கவேண்டியது அதைத்தான். ஆனால் தங்குமிடங்களை வாடகைக்கு விடும் எயார்பிஎன்பி தளத்தில் ஏறத்தாழ 95 வீத இடங்களுக்குச் சராசரி நாலரை நட்சத்திரமோ அதற்கு மேலோ என்று இன்னோர் ஆய்வு காட்டியது. எல்லாரும் வகுப்பில் முதலாம் பிள்ளை என்றால் புள்ளியைப் பார்த்து என்ன பயன்? அதனால் ஆட்கள் எண்ணை விட்டு எழுத்தைப் படிக்கிறார்கள்.

என் அனுபவம் ஒன்று. “குழாய்த் தண்ணீர் உப்பு” என்று ஒருவர் இரண்டு நட்சத்திரம் போட்டார். ஊரின் பெயரே உப்புவெளி ஐயா என்று எழுத விரல் துடித்தது. எழுதவில்லை. கிணற்று நீர் குளிக்க மட்டும், குடிக்கவும் பல் துலக்கவும் ஒவ்வொரு மாடியிலும் வடிகட்டிய தண்ணீர் வைத்திருக்கிறோம், அதை வந்த அன்றே சொல்லாதது எங்கள் பிழை என்று எழுதினேன். அதற்குப் பிறகு வருகிறவர்கள் திறப்பை வாங்கும்போதே தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். பதில் திட்டியவருக்கு எழுதுவது போலத்தான் இருக்கும். வாசிப்பது அடுத்து வருகிறவர்.

விடுமுறை உண்மையில் ஆட்களைச் சந்தோஷப்படுத்துகிறதா?

போவதற்கு முன்னால், ஆம். 2010இல் நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பயணம் போக இருந்தவர்கள் போகாதவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு பார்த்தால் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மிக நிம்மதியாக இருந்தது என்று சொன்னவர்களிடம் மட்டும் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் மிஞ்சியது. அப்போ காத்திருக்கிற நாட்களும் பயணத்தின் பங்குதான். புக்கிங் வந்த கையோடு இப்போது கடல் எப்படி இருக்கிறது என்று ஒரு படம் அனுப்புவேன், அவ்வளவுதான்.

ஞாபகத்தைப் பற்றிக் கானமன் என்ற உளவியலாளர் சொன்னதும் இங்கே உதவும்: ஒரு அனுபவத்தை மனம் எடை போடும்போது அதன் உச்சத்தையும் முடிவையும்தான் பெரிதாக எடுக்கிறது, எவ்வளவு நேரம் என்பதை அல்ல. நாங்கள் வரவேற்கும்போது செவ்விளநீர் வெட்டிக் கொடுப்போம். போகும்போது? பில்லை நீட்டுவோம், குளிர்பெட்டியில் எடுத்த சோடாவுக்குக் கணக்குப் பார்ப்போம். கடைசி ஞாபகம் சோடாக் கணக்கு! பில்லைப் போவதற்கு முதல் நாள் இரவே முடித்துவிட்டு, இரவு பஸ் பிடிக்கிறவர்களுக்கு இடியப்பமும் சம்பலும் வாழை இலையில் கட்டிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன்.

ஒரு ஊர் உல்லாசத் தலமாக வளர்ந்து தேய்வதற்கு ஒரு கணக்கு உண்டு என்கிறார்களே, திருமலை அதில் எங்கே?

பட்லர் என்ற ஆய்வாளரின் 1980ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சொல்கிறீர்கள். கண்டுபிடிப்பு, ஊராரின் ஈடுபாடு, வளர்ச்சி, நிலைபெறல், தேக்கம், பிறகு வீழ்ச்சி அல்லது மறுபிறப்பு. பரீட்சைக்கு நல்ல படம். திருமலைக்கு இதைப் பொருத்தப் பார்க்கிற மாணவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கள் கோடு வளைந்து ஏறவில்லை, அறுந்து அறுந்து போயிருக்கிறது. யுத்தம், 2004 டிசம்பர் 26 சுனாமி, 2009இல் யுத்த முடிவு, 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள், கொரோனா, 2022இன் எரிபொருள் வரிசை. இலங்கைக்கு வந்த வெளிநாட்டவர் 2018இல் 23 இலட்சத்துக்கு மேல். 2021இல் 2 இலட்சம்கூட இல்லை. 2024இல் மறுபடி 20 இலட்சம் தாண்டியது. இதை முதுமை என்று சொல்ல முடியாது. விழுந்து விழுந்து எழும்புகிற பிள்ளை.

அதற்கு மேல் வருடத்துக்குள்ளேயே எங்களுக்கு இரண்டு வாழ்க்கை. மேயிலிருந்து செப்டம்பர் வரை கடல் கண்ணாடி. ஒக்டோபர் கடைசியில் வாடைக்காற்று தொடங்கினால் வள்ளம் கரையில், அறை காலி. அந்த மாதங்களில் காலி அறைகளை நாங்கள் சமாளிக்கிற விதத்தை ஆராய யாரும் வருவதில்லை. மாணவர்களும் சீசனில்தான் வருகிறார்கள்.

உள்ளூர்ப் பயணிகளைப் பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

மிகக் குறைவாகச் சொல்கின்றன, அதுதான் என் மனக்குறை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கடவுச்சீட்டில் முத்திரை குத்தும்போது வெளிநாட்டவர் கணக்கில் விழுந்துவிடுகிறார். வான் வண்டியில் பாய், சட்டி, அடுப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு வருகிற இருபது பேருக்கு முத்திரை இல்லை. கோணேஸ்வரம், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், சேருவில, திரியாய், புறாமலை என்று ஒரே நாளில் சுற்றுவார்கள். கோயிலும் கடலும் அவர்களுக்கு ஒரே பயணம். ஆய்வில் மட்டும் யாத்திரிகர் வேறு, உல்லாசப் பயணி வேறு.

அவர்கள் நடத்தையும் வேறு. தனியாக முடிவெடுப்பதில்லை, வானில் மூத்தவர் யாரோ அவர்தான் முடிவு. அறையை அவர் பார்க்கமாட்டார், குளியலறையைத்தான் பார்ப்பார். விலையை இரண்டாவதாகக் கேட்பார். முதல் கேள்வி, “சமைக்க இடம் தருவீங்களா?” ஆம் என்று சொல்லிப் பின்பக்கம் ஒரு கொட்டில் போட்ட வருடத்திலிருந்து எனக்கு வாடைக்காலத்திலும் இரண்டு மூன்று வான் வருகிறது.

ரோபோ, ஏஐ எல்லாம் வந்தால் எங்கள் வேலை போய்விடுமா?

ஜப்பானில் ஹென் நா ஹோட்டல் 2015இல் ரோபோக்களை வைத்துத் தொடங்கியது. 2019இல் 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அறைக்குள் வைத்த பொம்மை, குறட்டையைக் கேள்வி என்று நினைத்து ஆளை எழுப்பிக்கொண்டிருந்ததாம். புக்கிங், விலை, மொழிபெயர்ப்பு இதிலெல்லாம் மெஷின் வரட்டும், வந்தும்விட்டது. என் ரிசப்ஷன் தம்பி ரஷ்யர்களோடு போனை நீட்டி நீட்டித்தான் பேசுகிறார்.

நான் கவலைப்படுவது வேறு. ஹொக்ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1983இல் விமானப் பணிப்பெண்களை வைத்து எழுதியது: சிரிப்பதும் சம்பளத்துக்குச் செய்கிற ஒரு வேலை. ஓகஸ்ட் கடைசியில் என் ஆட்களின் சிரிப்பைப் பார்த்தால் அது புரியும். வாய் சிரிக்கும், கண் மணிக்கூட்டில் இருக்கும். கிழமையில் ஒரு முழுநாள் லீவு, சீசன் உச்சத்திலும், என்று மாற்றினேன். பக்கத்து முதலாளிகள் ஏசினார்கள்.

நான் மாணவி. ஆய்வுக்கு 384 பேர் வேண்டும் என்கிறார்கள். உங்கள் விடுதியில் கிடைப்பார்களா?

எத்தனை பேரைக் கேட்கவேண்டும் என்று கிரெய்ச்சி, மோர்கன் என்ற இருவர் 1970இல் போட்ட அட்டவணையின் கடைசி எண் அந்த 384. எங்கே போனாலும் அதே எண்தான் என்னைத் துரத்துகிறது. ஆறு அறையில் 384 பேரா! அந்த எண் எழுமாற்றாகத் தெரிவு செய்த மாதிரிக்குத்தான் பொருந்தும், மகள். கடற்கரையில் அகப்பட்டவரிடமெல்லாம் தாளை நீட்டி 384 சேர்த்தால் அது பெரிய கூட்டம், நல்ல மாதிரி இல்லை.

அதைவிடச் சின்னதாக ஒன்று செய்யலாம். கோட்டை வாசலில் ஒரு காலை முழுக்க நின்று, எத்தனை குடும்பம் மானுக்குக் கொடுத்தது, அதில் எத்தனை முன்னால் ஒருவர் கொடுத்ததைப் பார்த்துக் கொடுத்தது என்று எண்ணுங்கள். அல்லது ஒரே விடுதியில் வந்தவர்கள் போகும்போது சொன்னதையும் பில்லில் இருப்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். “உள்ளூர்ச் சாப்பாடு பிரமாதம்” என்று எழுதிவிட்டு மூன்று நாளும் பிரைட் ரைஸ் தின்றவர்கள் என் பில் புத்தகத்தில் நிறைய இருக்கிறார்கள்.

அந்தப் பில் புத்தகத்தைப் பார்க்கத் தருவீர்களா? ஓகஸ்டில் வரலாமா?

ஓகஸ்டில் வரவேண்டாம், பேச நேரமிருக்காது. ஒக்டோபர் நடுவில் வாருங்கள். ஐந்து வருடப் புத்தகம் இருக்கிறது, விறாந்தை மேசையில் எடுத்துப் போடுகிறேன். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் உள்ள பதிவேடு மட்டும் உள்ளேயே இருக்கும், அதைக் கேட்கக்கூடாது.